ஒரு ரூபாய் இட்லியை எதைக்கொண்டு அளப்பது?
அம்மா உணவகத்தின் விற்பனையும் வாடிக்கையாளரும்: மாத்தூர், மணலி, காசிமேட்டை முன்வைத்து

1. கேள்வி

சென்னைக்குள் அதிகக் கிளைகள் வைத்திருக்கும் உணவகம் எது என்று கேட்டால், பெயர்பெற்ற சைவ ஓட்டல்களையோ பிரியாணிக் கடைகளையோ சொல்பவர்களே அதிகம். உண்மையில் அந்த இடம் மாநகராட்சியுடையது. 2013 பிப்ரவரி 19 அன்று சாந்தோமில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த அம்மா உணவகம் அந்த ஆண்டே 200 வார்டுகளுக்கும் பரவியது. ஸ்டான்லி உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளின் வளாகங்களிலும் திறக்கப்பட்டது. பிறகு வார்டுக்கு இரண்டு என்று பெருகி 400ஐத் தாண்டியது. 2024ஆம் ஆண்டு நிலவரப்படி சென்னையில் இயங்கியவை 388.

இக்கட்டுரை பார்க்கும் வடசென்னைப் பகுதிகளில் ஒன்றான, முன்பு ஊராட்சியாக இருந்த மாத்தூர், 2011இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட 42 உள்ளாட்சிகளில் ஒன்று. மணலி, திருவொற்றியூர், கத்திவாக்கம் ஆகியவையும் அப்போது வந்து சேர்ந்தவைதான். மாநகராட்சி என்ற பெயர் வந்த சூட்டோடு இந்தப் பகுதிகளுக்குக் கிடைத்த, கண்ணால் பார்க்கக்கூடிய முதல் வசதிகளில் ஒன்று இந்த உணவகம். சாலையும் கழிவுநீர்க் குழாயும் மெதுவாகத்தான் வந்தன.

இந்த உணவகம் நன்றாக நடக்கிறதா இல்லையா என்பதை எதைக்கொண்டு சொல்வது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மாமன்றத்திலும் நாளிதழ்களிலும் மூன்று எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: ஆண்டுப் பற்றாக்குறை, மொத்த விற்பனை, பயனாளிகளின் எண்ணிக்கை. மூன்றும் பொய்யான எண்கள் அல்ல. ஆனால் நகரம் முழுவதையும் ஓர் ஆண்டு முழுவதையும் ஒரே தொகையாக உருட்டித் தருவதால், சாப்பிட வந்தவர் யார், ஏன் வந்தார், ஏன் வராமல் போனார் என்பதை அவை மறைத்துவிடுகின்றன. சாப்பாட்டுக் கடையின் உண்மை நிலவரம் வேளையிலும் இடத்திலும்தான் தெரியும் என்பது என் வாதம்.

2. இதுவரை பார்த்த பார்வைகள்

அம்மா உணவகத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அரசியல் பேச்சு. பெயரும் படமும் யாருடையவை, தேர்தலுக்கு எவ்வளவு உதவும், ஆட்சி மாறினால் என்ன ஆகும் என்பவை அதன் கேள்விகள். 2021 மே மாதம் ஆட்சி மாறிய கையோடு முகப்பேர் பக்கம் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகை கிழிக்கப்பட்டதும், கிழித்தவர்கள் மீது அவர்கள் சார்ந்த கட்சியே நடவடிக்கை எடுத்துப் பலகை திரும்ப வைக்கப்பட்டதும், 2024 ஜூலையில் முதல்வர் மு.க. ஸ்டாலின் தேனாம்பேட்டை உணவகத்தைப் பார்வையிட்டு, பழைய பாத்திரங்களையும் இயந்திரங்களையும் மாற்ற 7 கோடியும் கட்டடங்களைச் சீரமைக்க 14 கோடியும் ஆக 21 கோடி ரூபாய் அறிவித்ததும் இந்தப் பார்வையில் பெரிய செய்திகள். ஒரு கட்சி தொடங்கியதை அடுத்த கட்சி மூட முடியாத நிலை ஏற்பட்டிருக்கிறது என்பதை அவை காட்டுகின்றன. தட்டில் விழுந்த சாம்பார் சாதம் எப்படி இருந்தது என்பதற்கு அவற்றில் விடை இல்லை.

இரண்டாவது, உணவு உரிமைப் பார்வை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் 2013இல்தான். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2011 ஜூன் முதல், அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். அப்படியிருக்கச் சமைத்த சோறு எதற்கு என்ற கேள்விக்கு இந்தப் பார்வை சரியான விடை தந்தது. அரிசி கிடைத்தாலும் அடுப்பும் நேரமும் கிடைக்காதவர்கள் நகரத்தில் உண்டு. அறை வாடகைக்குள் சமையலுக்கு இடமில்லாதவர், மருத்துவமனை வராந்தாவில் நோயாளிக்குத் துணையாகப் படுத்திருப்பவர், லாரியிலேயே குடித்தனம் நடத்தும் ஓட்டுநர் ஆகியோருக்கு ரேஷன் அரிசியால் பலன் இல்லை. ஆனால் இந்தப் பார்வை உணவகத்தின் இருப்பையே வெற்றியாக எடுத்துக்கொண்டு நின்றுவிட்டது.

மூன்றாவது பார்வை நிர்வாகக் கணக்குப் பார்வை. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, ஆண்டுக்கு நூறு கோடிக்கும் மேல் பற்றாக்குறை, ஆகவே விற்பனை குறைந்த கிளைகளை மூடலாமா என்று அது கேட்கும். இது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டன் மக்களுக்காக நடத்திய மலிவு விலை உணவகங்கள், போருக்குப் பின் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ளாட்சிகளிடம் வந்தபோது, தொடர்ந்து மூன்று ஆண்டு நஷ்டம் வந்தால் அமைச்சரின் இசைவின்றி நடத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தன. போலந்தின் ‘பால் கடைகள்’ என்னும் மலிவு உணவகங்கள் இதற்கு நேர்மாறு. அங்கே இன்றும் மலிவான சைவ உணவுக்கு அரசு மானியம் உண்டு. நஷ்டத்தை நோயாகப் பார்ப்பதா, வேலைக்கான செலவாகப் பார்ப்பதா என்ற பிரிவு அன்றே இருந்திருக்கிறது.

3. பற்றாக்குறை எதைச் சொல்கிறது?

விலைப்பட்டியலிலிருந்து தொடங்குவோம். இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, எலுமிச்சை அல்லது கறிவேப்பிலை சாதம் 5, தயிர் சாதம் 3, மாலையில் இரண்டு சப்பாத்தி பருப்புக் கடைசலோடு 3. தொடங்கிய காலத்து விலைகள் அப்படியே நிற்கின்றன.

தனியார் ஓட்டல் சங்கிலி ஒன்றின் விற்பனை 10 விழுக்காடு கூடியது என்று படித்தால், அதில் விலையேற்றம் எவ்வளவு, கூட்டம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஆய்வாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். இங்கே அந்தச் சிக்கலே இல்லை. விலை அசையாததால், எந்தப் பண்டம் எவ்வளவு விற்றது என்பது தெரிந்தால் கல்லாவில் விழுந்த ரூபாய் ஏறக்குறைய விற்ற அளவையே காட்டும். ஆய்வாளருக்கு இதைவிட நல்ல தரவு கிடைப்பது அரிது. வியப்பு என்னவென்றால், இந்த வசதியை யாரும் பயன்படுத்திப் பார்த்ததாகத் தெரியவில்லை. பேச்செல்லாம் பற்றாக்குறையைச் சுற்றியே நடக்கிறது.

அந்தப் பற்றாக்குறை எப்படி வருகிறது? பத்துப் பெண்கள் வேலை செய்யும் ஓர் உணவகத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். மகளிர் சுய உதவிக் குழுவினரான அவர்களுக்குத் தொடக்கத்தில் நாள் கூலி 300 ரூபாய். ஒரு நாள் கூலியே 3,000. அன்று 1,000 இட்லி, 300 சாம்பார் சாதம், 150 தயிர் சாதம் விற்றால் வரவு 1,000, 1,500, 450 ஆக 2,950 ரூபாய். கூலிக்கே 50 ரூபாய் குறைகிறது. உளுந்து, பருப்பு, எண்ணெய், காய்கறி, எரிவாயு, தண்ணீர், மின்சாரம் எல்லாம் அதற்கு மேல். எவ்வளவு திறமையாக நடத்தினாலும் இந்த விலையில் கையைக் கடிக்கத்தான் செய்யும். திட்டத்தின் அமைப்பே அது. செலவுக்குக் கீழே விலை வைத்த கடையில் ஒவ்வொரு கூடுதல் சாதமும் பற்றாக்குறையைக் கூட்டும். கூட்டம் வராத நாளில் பற்றாக்குறை குறையும். பூட்டிக் கிடக்கும் உணவகத்துக்குப் பற்றாக்குறையே கிடையாது. ஆக, இந்த எண்ணை மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டால் நன்றாக நடக்கும் கிளைதான் முதலில் தோற்கும்.

காலமும் இதில் சேர்ந்துகொள்கிறது. 2012ஐ 100 என வைத்துக் கணக்கிடும் நுகர்வோர் விலைக் குறியீடு 2013இன் தொடக்கத்தில் 105ஐ ஒட்டி இருந்தது. 2024 முடிவில் 195ஐ ஒட்டி வந்துவிட்டது. அன்றைய கணக்கில் பார்த்தால் ஒரு ரூபாய் இட்லியின் விலை 2024 முடிவில் ஏறத்தாழ 54 பைசா. சமையல் அதே, கூட்டம் அதே என்றாலும் பற்றாக்குறை ஆண்டுக்காண்டு தானாகப் பெருகும். ‘நிர்வாகம் கெட்டுவிட்டது, நஷ்டம் ஏறிக்கொண்டே போகிறது’ என்ற தலைப்புச் செய்தியில் முதல் பாதிக்கு இரண்டாம் பாதி சான்றாகாது. இதே குறியீட்டில், பத்தாண்டு கழித்து 300இலிருந்து 325 ஆன கூலியின் மதிப்பு 2013 ரூபாயில் 175ஐத் தாண்டாது. விலை ஏறாததன் சுமையில் ஒரு பங்கை மாநகராட்சியும், இன்னொரு பங்கைச் சத்தமில்லாமல் கரண்டி பிடிக்கும் பெண்களும் சுமக்கிறார்கள். இரண்டாவது பங்கு எந்தப் பற்றாக்குறைக் கணக்கிலும் வருவதில்லை.

இன்னொரு பக்கம், கணக்கில் காட்டப்படும் பற்றாக்குறை குறைவானதும்கூட. உணவகங்களுக்கு அரிசி நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து கிலோ ஒரு ரூபாய்க்கு வருகிறது. அதன் உண்மையான விலை மாநில அரசின் உணவு மானியத் தலைப்பில் அடங்கிவிடுகிறது. ஆக, மாநகராட்சி ஏட்டில் தெரிவது மொத்தச் செலவும் அல்ல. அந்தச் செலவில் ஒரு பகுதி அதே வார்டுகளில் வாழும் பெண்களின் வீட்டு வருமானமாகப் போவதால், முழுக்கச் செலவு என்று சொல்வதும் சரியல்ல.

4. டோக்கனும் தலையும்

காலை ஏழரை மணிக்கு ஏதாவது ஓர் அம்மா உணவகத்தின் கல்லா முன்னால் நின்று பார்த்தால் ஒன்று புரியும். முன்னால் நிற்பவர் பத்து ரூபாய்த் தாளை நீட்டுகிறார்: நாலு இட்லி, ஒரு பொங்கல். மீதி ஒரு ரூபாய்க்குச் சில்லறை இல்லை. இன்னொரு இட்லிக்கான டோக்கனாக அதை வாங்கிக்கொள்கிறார். அடுத்தவர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்து இட்லி கேட்கிறார். கூட வந்தவர் ஏற்கெனவே எவர்சில்வர் தட்டோடு உயரமான மேசை ஓரம் நிற்கிறார். மூன்றாவது ஆள் வெறும் மூன்று இட்லி. ஏட்டில் ஏறுவது 18 இட்லி, ஒரு பொங்கல். சாப்பிட்டவர்கள் நான்கு பேர்.

டோக்கன் பண்டத்தைத்தான் எண்ணும். ஆயிரம் இட்லியைத் தலைக்கு நான்கு என்று வகுத்தால் 250 பயனாளிகள். மூன்று என்றால் 333. ஐந்து என்றால் 200. வகுக்கும் எண்ணை மாற்றினாலே பயனாளிகள் நூற்றுக்கு மேல் கூடுவார்கள், குறைவார்கள். ‘நாள்தோறும் இத்தனை லட்சம் பேர்’ என்ற எந்த அறிவிப்பையும் படிக்கும்போது, எதை எதால் வகுத்தார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. காலையில் வந்தவரே மதியமும் வந்தால் அவர் ஒரு பயனாளியா, இருவரா என்ற கேள்வி வேறு இருக்கிறது.

யார் எண்ணுகிறார்கள், எண்ணுவதால் அவருக்கு என்ன என்பதும் முக்கியம். 2017 ஆகஸ்டில் பெங்களூருவில் தொடங்கிய இந்திரா உணவகம் போல, ஒப்பந்ததாரருக்குத் தட்டு எண்ணிக்கைப்படி பணம் தரும் முறையில், எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும் ஆசை அமைப்பிலேயே இருக்கிறது. சென்னையில் நாள் கூலி என்பதால் அந்த ஆசைக்கு இடம் குறைவு. ஆனால் 800 இட்லி விற்றாலும் 1,200 விற்றாலும் கூலி ஒன்றுதான் என்னும்போது, கூடுதலாக ஓர் ஈடு இட்லி ஊற்ற யாருக்கும் காரணம் இல்லை. அவர்களைக் குறை சொல்ல இதில் ஏதும் இல்லை. அரிசியும் உளுந்தும் அளந்துதான் வருகின்றன.

இங்கேதான் விற்பனைக் கணக்கின் பெரிய ஓட்டை இருக்கிறது. காலை உணவு பத்து மணி வரை. எட்டரைக்கே இட்லி தீர்ந்துபோனால், ஏட்டில் அது ‘முழு விற்பனை’. எட்டே முக்காலுக்கு வந்து திரும்பிப் போனவர் எங்கும் பதிவாகவில்லை. அடுத்த வீதியில் ஒன்பதே முக்கால் வரை இட்லி இருந்து, கொஞ்சம் மிஞ்சிய உணவகம் ஏட்டில் அதைவிடக் குறைவாக மதிப்பெண் வாங்கும். விற்றது வேறு, வேண்டியிருந்தது வேறு; சரக்கு தீரும் இடங்களில் விற்பனை வெறும் கீழ்வரம்புதான். சரக்கு மேலாண்மை படித்தவர்களுக்கு இது பாலபாடம். இதைச் சரிசெய்ய பெரிய மென்பொருள் வேண்டாம். ஒவ்வொரு பண்டத்துக்கும் கடைசி டோக்கன் எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்ற ஒரே ஒரு நேரத்தைக் குறித்தால், எந்த வார்டில் பசி மிஞ்சுகிறது, எங்கே சோறு மிஞ்சுகிறது என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

கைப்பேசியில் நட்சத்திரம் போடும் மதிப்பீடுகளைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. அங்கே எழுதுபவர் ஒரு நாள் ஆவலோடு வந்து சாப்பிட்டுப் பார்த்தவர். தினம் வருபவர் எழுதுவதில்லை.

5. விற்பனை சரிந்தால் அது என்ன?

தொடக்க ஆண்டுகளின் கூட்டம் இப்போது இல்லை என்பது பரவலான பேச்சு. அப்படியே வைத்துக்கொண்டு அதன் பொருளைப் பார்க்கலாம்.

முதலில் ஒரு கணக்குப் பிழையை ஒதுக்க வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட உணவக நிறுவனங்கள், உதாரணமாக இந்தியாவில் டோமினோஸ் கடைகளை நடத்தும் ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ், மொத்த வளர்ச்சியைத் தனியாகவும் ஏற்கெனவே ஓராண்டுக்கு மேலாக இயங்கிவரும் கடைகளின் வளர்ச்சியைத் தனியாகவும் வெளியிடுகின்றன. புதுக் கடை திறந்தால் அது பழைய கடையின் கூட்டத்தில் கொஞ்சத்தை இழுத்துக்கொள்ளும் என்பது அவர்களுக்குத் தெரியும். சென்னையில் ஒரே வார்டில் இரண்டாவது உணவகம் திறந்தபோது நடந்திருக்கக்கூடியதும் அதுதான். மொத்தத்தில் ஒரு தட்டுக்கூடக் குறையாவிட்டாலும் கிளைக்கான சராசரி பாதியாகும். அந்தச் சராசரியைக் காட்டி ‘மக்கள் ஆதரவு சரிந்தது’ என்பது தவறான வாசிப்பு.

இதைக் கழித்த பிறகும் சரிவு இருந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இருப்பவை. சாம்பார் நீர்த்துப் போயிருக்கலாம், இட்லி கல்லாகியிருக்கலாம், மாவு அரைக்கும் இயந்திரம் பழுதாகிக் கிடக்கலாம். அப்படியானால் சரிவு தோல்வி. அல்லது, கையில் கொஞ்சம் காசு புரண்டதும் ஆள் தள்ளுவண்டிக்கோ மெஸ்ஸுக்கோ போயிருக்கலாம். வருமானம் கூடும்போது வாங்குவது குறையும் பண்டங்கள் உண்டு என்று பொருளியல் சொல்லும். நின்றுகொண்டே சாப்பிடும் மூன்று ரூபாய்த் தயிர் சாதம் அந்த வகையாக இருந்தால், சரிவு நல்ல சேதி.

ஆண்டுத் தொகை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. நாள்வாரி விற்பனை காட்டும். காசுதான் காரணம் என்றால் விற்பனை கூலி நாளைச் சுற்றி ஆடும்: சம்பளம் வந்த வாரத்தில் இறங்கி, மாதக் கடைசியில் ஏறும். வாரக் கூலிக்காரர் நிறைந்த இடத்தில் அந்த ஆட்டம் வாரத்துக்குள்ளேயே தெரியும். தரம்தான் காரணம் என்றால் எல்லா நாளும் ஒரே அளவில் சரியும். தரம் கெட்ட பண்டம் மட்டும் தனியாகச் சரியும். இட்லி விழுந்து பொங்கல் நின்றால் மாவரைக்கும் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். வறுமை குறைந்தது என்று அறிக்கை எழுத உட்காரக் கூடாது.

வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு இதற்கு உதவுமா என்று கேட்கலாம். 2022–23 கணக்கெடுப்பில் இந்திய நகர்ப்புறக் குடும்பச் செலவில் உணவுக்குப் போனது 39 விழுக்காடு. அதில் பானங்கள், பதப்படுத்திய உணவு, வெளியில் வாங்கிய சமைத்த உணவு எல்லாம் சேர்ந்த பிரிவு மட்டும் 10.6 விழுக்காடு. வெளிச்சாப்பாடு எவ்வளவு பெரிய சந்தை என்று இது சொல்கிறது. ஆனால் அது குடும்பத்தைத் தேடிப் போய்க் கதவைத் தட்டி எடுக்கப்படும் கணக்கு. லாரிக்குள் தூங்குபவருக்குக் கதவு ஏது? நம் உணவகத்தின் முக்கியமான வாடிக்கையாளர் அந்தக் கணக்கில் சேர வாய்ப்பு மிகக் குறைவு. ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் எட்டுக் கேள்விகள் கொண்ட பசி அளவுகோலைச் சாப்பிட வந்தவர்களிடமே கேட்டுப் பார்ப்பது இதைவிடப் பயன் தரும்.

6. மணலிச் சந்தையின் எல்லை

கடையின் வாடிக்கையாளர் எல்லையைக் கணிக்க, அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஹஃப் 1960களில் ஒரு முறையைத் தந்தார். கடை பெரிதாக இருந்தால் ஈர்ப்பு கூடும், தூரம் கூடினால் குறையும் என்பது அதன் சாரம். அந்தத் தூரம் வீட்டிலிருந்து அளக்கப்படுவது. வார்டுக்கு இரண்டு என்று உணவகங்களைப் பங்கிட்டதிலும் இதே எண்ணம்தான் ஒளிந்திருக்கிறது: மக்கள் குடியிருக்கும் இடத்தில் சாப்பிடுவார்கள் என்று.

மணலி மண்டலத்தில் இது பொருந்தாது. மாத்தூர் எம்.எம்.டி.ஏ குடியிருப்பில் வீடுகளில் அடுப்பு எரிகிறது. பசித்து வெளியே நிற்பவர்கள் வேறிடத்திலிருந்து வந்தவர்கள். 1960களில் உருவான சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், அவற்றைச் சுற்றி முளைத்த ரசாயனக் கம்பெனிகளும், துறைமுகத்துக்குப் போய்வரும் டிரெய்லர்கள் வரிசைகட்டும் கன்டெய்னர் யார்டுகளும்தான் இங்கே பகல் நேர மக்கள்தொகையை உண்டாக்குகின்றன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீன் வேண்டும் என்றது. ஒப்பந்தத் தொழிலாளருக்கு 1970ஆம் ஆண்டுச் சட்டம் நூறு பேர் என்ற வரம்பை வைத்தது. ஆலையின் நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ளேயே மானியச் சாப்பாடு உண்டு. முப்பது பேரை வைத்து வேலை எடுக்கும் சிறு ஒப்பந்ததாரரின் ஆளுக்கும், எந்த ஆலையின் வருகைப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத டிரெய்லர் ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் கேட்டுக்கு வெளியேதான் சாப்பாடு. இந்தப் பக்கத்து அம்மா உணவகத்தின் இயல்பான சந்தை, சட்டம் விட்ட இந்த இடைவெளி. அதற்குப் போட்டி பெரிய ஓட்டல்கள் அல்ல. யார்டு வாசலில் நிற்கும் கையேந்தி பவன்கள். அவை விலையில் தோற்கும். ஆனால் வண்டியை விட்டு இறங்கி நடக்க வேண்டாத தூரத்தில் நிற்கும், முட்டையும் மீன் குழம்பும் தரும், கடனும் கொடுக்கும். மலிவு மட்டும் ஆளை இழுத்துவிடாது என்பதற்கு இந்த வண்டிகளின் பிழைப்பே சான்று.

7. காசிமேட்டுச் சோதனை

ஆய்வாளர் கேட்காமலே வடசென்னைக்கு ஆண்டுதோறும் ஒரு சோதனைக்காலம் வருகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. இராயபுரம் காசிமேடு துறைமுகத்தில் அந்த இரண்டு மாதம் ஏலம் மங்கி, ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர், வலை இழுப்பவர் என்று பலருடைய கூலி நின்றுபோகிறது. படகுப் பழுது பார்க்கும் தச்சருக்கும் வெல்டருக்கும் மட்டும் வேலை கூடுகிறது. அரசின் தடைக்கால நிவாரணம் மீனவக் குடும்பங்களுக்கு உண்டு. துறைமுகத்தை நம்பிய எல்லாக் கூலிக்காரருக்கும் அல்ல.

காசிமேட்டுப் பக்கத்து உணவகங்களில் இந்த 61 நாளில் விற்பனை எவ்வளவு மாறியது என்று பார்த்து, அதே நாட்களில் மாத்தூர் உணவகங்களில் ஏற்பட்ட மாற்றத்தை அதிலிருந்து கழிக்க வேண்டும். வெயிலும் பள்ளி விடுமுறையும் இரண்டு இடத்துக்கும் பொது, கழித்தால் போய்விடும். மிஞ்சுவதில் பெரும்பகுதி தடைக்காலத்தின் விளைவு. மிஞ்சியது ஏற்றமாக இருந்தால், வருமானம் நின்ற குடும்பங்கள் உணவகத்தை நம்புகின்றன என்று பொருள். இறக்கமாக இருந்தால், சாப்பிட வந்தவர்கள் வேலைக்கு வந்த இடத்தில் சாப்பிட்டவர்கள். வேலை நின்றதும் வரவும் நின்றது. காலையில் இறங்கி மாலைச் சப்பாத்தியில் ஏறினால் இரண்டும் ஒருசேர நடக்கிறது. ஒரே கடை, ஒரே விலை. ஆனால் முதல் நிலையில் அது பஞ்ச காலத்துக் காப்பீடு, இரண்டாவதில் கூரையில்லாத் தொழிலாளரின் கேண்டீன். இரண்டுக்கும் வைக்க வேண்டிய அளவுகோல் வெவ்வேறு. காப்பீடு என்றால் சாதாரண நாளில் காலியாக இருப்பது குற்றமல்ல. கேண்டீன் என்றால் குற்றம்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2020 ஊரடங்கிலும் இங்கே சாப்பாடு இலவசமாகவே தரப்பட்டது. அந்த நாட்களில் ஏறிய எண்ணிக்கையை வைத்து மற்ற நாட்களின் விற்பனையைக் குறைவு என்பவர்கள், தீயணைப்பு வண்டி நிற்கும் நாட்களை எண்ணி அதை விற்றுவிடச் சொல்பவர்களைப் போன்றவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிவதற்குள் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து மீன்பிடிப்பு முடங்கியது. அத்தகைய வாரங்களைத் தனியாகக் குறித்து வைக்காத கணக்கு, இந்தப் பகுதியைப் பற்றிய கணக்கே அல்ல.

8. ஏழு மணிக்கு முன்

எந்த ஏட்டிலும் வராத வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார்: உணவகம் திறப்பதற்கு முன்பே பசித்தவர். காசிமேட்டில் வியாபாரம் விடியலுக்கு முன்பே சூடுபிடிக்கிறது. மணலிப் பக்கம் முதல் ஷிப்டு ஆறு மணிக்கு. யார்டில் இரவு முழுக்கக் காத்திருந்த வண்டிக்குப் பாஸ் எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மா உணவகம் நகரம் முழுக்க ஏழு மணிக்குத் திறக்கிறது, தேனாம்பேட்டையிலும் மாத்தூரிலும். தனியார் சங்கிலி எதுவும் மருத்துவமனை வாசல் கிளையையும் துறைமுக வாசல் கிளையையும் ஒரே நேரத்தில் திறக்காது.

இதைச் சோதிப்பது எளிது. காசிமேட்டுப் பக்கம் ஒன்று, மணலி அல்லது மாத்தூர்ப் பக்கம் ஒன்று என இரண்டு உணவகங்களை மூன்று மாதம் ஐந்தரைக்குத் திறக்கலாம். பக்கத்தில் உள்ள இரண்டை ஏழு மணிக்கே விட்டுவைத்து ஒப்பிடலாம். பழைய பெண்களையே முன்னேரம் எழுப்பக் கூடாது. இரண்டு இடத்துக்கும் மூன்று மூன்று பேராகப் புதிதாக ஆள் சேர்க்க வேண்டும். ஆறு பேருக்கு 325 ரூபாய் வீதம் 90 நாள் கூலி 1,75,500 ரூபாய். மாவும் எரிவாயுவும் தனி. ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் விற்ற டோக்கன்களைக் கூட்டி, ஏழு மணிக்குப் பின் குறைந்ததைக் கழித்தால், இதுவரை கணக்கில் வராத பசியின் அளவு அந்த இரண்டு இடத்துக்குக் கிடைக்கும். விற்பனை குறைந்த கிளை என்று எதையாவது மூடுவதற்கு முன் இந்தச் சோதனையை அங்கே செய்துபார்க்கலாம். அந்தக் கிளைக்குக் கூட்டம் இல்லையா, கூட்டம் வரும் நேரத்தில் கிளை திறந்திருக்கவில்லையா என்பது அப்போது தெரியும்.